மாத்தளை தந்த முதற் குடிமகனும் குடியுரிமையற்ற மக்களும்

நாட்டின் தலைவரை முதற் குடிமகன் என்று அழைப்பது உலக வழக்கு. 1972 ஆம் ஆண்டு மே மாதம் 22 ஆம் நாள் இலங்கை குடியரசாயிற்று. அன்று அப்பெயருக்கு முதன்முதலில் உரியவரானவர் மாத்தளை மண்ணின் மைந்தர் வில்லியம் கொபல்லாவ அவர்கள். அதே நாளில், அதே மாத்தளை மாவட்டத்துத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில், எந்த நாட்டின் குடிமக்கள் என்று கேட்டால் பதில் கூற இயலாதவராய் எண்ணற்ற தமிழ் மக்கள் வாழ்ந்தனர். முதற் குடிமகனும் குடியுரிமையற்றவனும் ஒரே மாவட்டத்தின் நீரைக் குடித்து வளர்ந்தவர்கள். இந்த முரண்பாட்டை எண்ணிப் பார்ப்பதே இவ்வாரம் நமது நோக்கம்.

இப்பழங்கதை இப்போது ஏன் என்று சிலர் கேட்கலாம். நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி முறையை ஒழித்துப் புதிய அரசியலமைப்பை ஆக்குவோம் என்று 2024 ஆம் ஆண்டுத் தேர்தல்களில் வெற்றி பெற்றோர் நாட்டுக்கு வாக்களித்தனர். அம்முறை ஒழிந்தால், கொபல்லாவ அவர்கள் வகித்தது போன்ற பெயரளவிலான ஜனாதிபதிப் பதவியே மீண்டும் தோன்றும். "அப்பதவியில் நம்மவர் ஒருவரை அமர்த்தினால் நமக்கு அது காவலாகும்" என்றும், "அதிகாரமற்ற தலைவர் வந்தாலே சிறுபான்மையோர் துன்பம் தீரும்" என்றும் மலையகத்தில் சில நண்பர்கள் பேசி வருகின்றனர். இவ்விரு கூற்றுகளையும் வெறும் உணர்ச்சியால் அளத்தல் ஆகாது. நாம் கண்ட வரலாற்றைக் கொண்டே அளத்தல் வேண்டும். அவ்வரலாறு மாத்தளையிலேயே கிடக்கிறது.

கொபல்லாவ அவர்கள் 1896 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் மாத்தளை துல்லேவாவில் பிறந்தவர். கண்டி தர்மராஜக் கல்லூரியில் கற்றவர். 1924 இல் பிரக்கிராசியாராகத் தேறி மாத்தளையிலேயே தொழில் நடத்தினார். 1926 இல் மாத்தளை நகரசபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். பதின்மூன்று ஆண்டுகள் அச்சபையில் இருந்து, அதன் தலைவராகவும் பணியாற்றினார். சீமையில் பட்டம் பெற்றுவந்து, குலப்பெருமையை ஏணியாக்கி, ஒரே தாவலில் சட்டமன்றம் ஏறியவர்கள் பலர் இருந்த காலம் அது. இவரோ தெருவிளக்கும், வடிகாலும், சந்தைக் கட்டடமும், குடிநீர்க் குழாயும் பேசப்படும் சபையில் அரசியலின் அரிச்சுவடியைப் படித்தார். இது பெருமைக்குரிய தொடக்கம் என்பதில் நமக்கு ஐயமில்லை. சாதாரண மனிதனின் வாழ்வு உள்ளூராட்சி மன்றத்தில்தான் அரசாங்கத்தோடு முதன்முதல் முட்டுகிறது. அங்கே பயின்றவனுக்கு மக்களின் முகம் மறப்பதில்லை.

ஆனால், அந்தப் பள்ளிக்கூடத்தின் வாயிலில் நம் மக்களுக்கு இடம் இருந்ததா? வாசகர்கள் மாத்தளையின் நில அமைப்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மன்னாரில் கரையேறி, மதவாச்சி, தம்புள்ளை வழியாகக் காட்டையும் காய்ச்சலையும் கடந்து நடந்து வந்த தென்னிந்தியத் தொழிலாளர் மலைநாட்டைத் தொட்ட வாயில் இந்த மாத்தளை. வழியில் மாண்டவரை எண்ணி அழுதும், தாம் பிழைத்ததை எண்ணித் தொழுதும் அவர்கள் கைகூப்பிய இடத்தில்தான் இன்று முத்துமாரியம்மன் கோபுரம் எழுந்து நிற்கிறது என்பர். நகரத்தைச் சூழ்ந்த மலைகளைக் கோப்பித் தோட்டங்களாகவும், பின்னர் தேயிலை, இறப்பர், கொக்கோத் தோட்டங்களாகவும் ஆக்கியவர்கள் அவர்களே. நகரத்தின் கடைத்தெருவுக்குச் சம்பள நாளில் உயிர் கொடுத்தவர்களும் அவர்களே.

அத்தகையோர் நகரசபையின் எல்லைக்குள் வரவில்லை. அவர்கள் தோட்டத்தில் இருந்தனர். தோட்டமோ துரையின் ஆட்சி. கிராமச் சங்கங்களாவது அவர்களை ஏற்றனவா? 1937 இல் கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளருக்கு அச்சங்கத் தேர்தலில் வாக்கு மறுக்கப்பட்டது. நாடாளும் சபைக்கு வாக்களிக்க ஓரளவேனும் உரிமை பெற்றிருந்த மனிதன், தன் லயத்துக்கு முன்னால் ஓடும் பாதையைச் செப்பனிடும் சங்கத்துக்கு வாக்களிக்கும் உரிமையை இழந்து நின்றான். பின்னாளில் முழு நாட்டிலும் நடக்கவிருந்த உரிமைப் பறிப்புக்கு ஒத்திகை பார்க்கப்பட்டது கிராம எல்லையிலேதான். இதை நாம் மறத்தலாகாது.

1939 இல் கொபல்லாவ அவர்கள் மாத்தளையை விட்டுக் கண்டி மாநகர ஆணையாளராகச் சென்றார். அதே ஆண்டு யூலையில் பண்டித ஜவகர்லால் நேரு கொழும்புக்கு வந்தார். இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. ஒருவர் நிருவாகத்தின் படிகளில் ஏறத் தொடங்கிய ஆண்டிலேயே, ஒரு சமுதாயம் அமைப்பாகத் திரளத் தொடங்கிற்று. ஏறியவர் உச்சிக்குச் சென்றார். திரண்ட சமுதாயமோ 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டிலிருந்து தன் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய களிப்பு ஆறுமுன்னரே அடித்து வீழ்த்தப்பட்டது. 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949 இன் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும், அதே ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, முன்னர் வாக்களித்த மக்களை வாக்காளர் இடாப்பிலிருந்து துடைத்தெறிந்தன.

இனி, கொபல்லாவ அவர்களின் பிற்காலப் பணியைப் பார்ப்போம். கண்டியில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆணையாளராக இருந்தபின் 1951 இல் கொழும்பு மாநகர ஆணையாளரானார். பின்னர் 1961 இல் சீனத்துக்கு இலங்கையின் தூதுவராக அனுப்பப்பட்டார். 1952 இல் செய்த இறப்பர் அரிசி ஒப்பந்தத்தால் இலங்கையும் சீனமும் நெருங்கியிருந்த காலம் அது. மாத்தளைத் தோட்டத்தான் வெட்டிய இறப்பர்ப் பாலுக்கு அரிசி வந்துகொண்டிருந்தது. சில காலத்துள் அங்கிருந்து அமெரிக்காவுக்குத் தூதுவராக மாற்றப்பட்டார். அங்கே நிலைமை நேர்மாறு. எண்ணெய் வாணிபத்தை அரசாங்கம் தன் கைக்குக் கொண்டுவர முனைந்த ஆண்டு அது. அப்பிணக்கு முற்றி 1963 இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. கம்யூனிஸ்ட் தலைநகரிலும் முதலாளித்துவத் தலைநகரிலும் ஒரே ஆண்டில் தம் நாட்டுக்காகப் பேசும் பொறுப்பு, மாத்தளைப் பிரக்கிராசியார் ஒருவருக்கு வாய்த்தது. அணிசேராக் கொள்கை அன்று வெறும் சொல்லாக இருக்கவில்லை.

1962 சனவரி 27 ஆம் நாள் இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் அரசாங்கத்தைக் கவிழ்க்கச் செய்த சதி அம்பலமாயிற்று. விசாரணையில் அன்றைய மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக்காவின் பெயரும் அடிபட்டது. அவர் பதவி நீங்கினார். வாஷிங்டனிலிருந்து அழைக்கப்பட்ட கொபல்லாவ அவர்கள் 1962 மார்ச்சு 2 ஆம் நாள் மகாதேசாதிபதியானார். பௌத்தர் ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதன்முறை. இறகு சூடிய தொப்பியும் பொன்சரிகைச் சட்டையும் அணிந்த துரைமார் நின்ற இடத்தில், வெள்ளைத் தேசிய உடை உடுத்து, சேர் என்னும் பட்டமின்றி அவர் நின்றார். 1848 இல் இதே மாத்தளையில் ஏழைக் குடியானவர்கள் புதிய வரிகளை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தபோது, தேசாதிபதி ரொறிங்டன் படைச்சட்டம் பிறப்பித்து அவர்களை நசுக்கினான். வீர புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். நூற்றுப் பதினான்கு ஆண்டுகளின் பின், அந்தத் தேசாதிபதியின் ஆசனத்தில் மாத்தளை மகன் ஒருவன் அமர்ந்ததைக் கண்டு சிங்களக் கிராமத்தான் நெஞ்சு நிமிர்த்தியதை நாம் குறை கூறோம். நாமும் அங்கிருந்தால் கைதட்டியிருப்போம்.

எனினும், உடை மாறியதால் பதவியின் தன்மை மாறிற்றா? சட்டம் கற்றவன் கேட்கவேண்டிய கேள்வி அதுவே.

அவர் பதவியேற்ற அம்மாதத்திலேயே, 1962 இன் 1 ஆம் இலக்கக் குற்றவியற் சட்ட விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேறியது. சதி வழக்கு எதிரிகளை மனத்தில் வைத்தே ஆக்கப்பட்ட சட்டம் அது. நடந்து முடிந்த செயலுக்குப் பின்னோக்கிச் சட்டம் செய்தது. தண்டனையைக் கூட்டியது. யூரர் இன்றி விசாரிக்கும் நீதியரசர்களை அமைச்சரே நியமிக்க வழி செய்தது. அரசியின் பெயரால் அதற்கு அங்கீகாரம் அளிக்கப்பட்டது. அமைச்சர் நியமித்த அமர்வு செல்லாது என்று உயர் நீதிமன்றமே அதே ஆண்டில் கூறியது. ஈற்றில், தண்டிக்கப்பட்ட பதினொருவரையும் 1965 டிசம்பரில் இலண்டன் பிரிவிக் கவுன்சில் விடுதலை செய்தது. குறித்த மனிதரைக் குறித்து இயற்றப்படும் சட்டம் நீதித்துறையின் அதிகாரத்தில் கைவைப்பதாகும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். சதிகாரர் மீது நமக்கு எள்ளளவும் அனுதாபம் இல்லை. ஆனால் தவறான சட்டத்தைத் தடுத்தது எது என்று பாருங்கள். மகாதேசாதிபதியின் கையொப்பம் அதைத் தடுக்கவில்லை. நீதிமன்றத்தின் தீர்ப்பே தடுத்தது.

இதனால் கொபல்லாவ அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோமா? இல்லை. அரசியலமைப்பு அவருக்குக் கொடுத்தது கையெழுத்துப் போடும் கடமையே. மறுக்கும் அதிகாரத்தை அது கொடுக்கவில்லை. பிரதமரின் ஆலோசனைப்படி நடப்பவரே மகாதேசாதிபதி. கலந்தாலோசிக்கப்படவும், ஊக்கவும், எச்சரிக்கவும் முடியரசருக்கு உரிமை உண்டு என்று ஆங்கில அறிஞர் பேஜட் வகுத்தது வெஸ்ட்மினிஸ்டர் மரபு. அந்த எச்சரிக்கைகூட மூடிய அறைக்குள் சொல்லப்படுவதே. வெளியே வாராத எச்சரிக்கையை நம்பி ஒரு சமுதாயம் வாழ இயலாது.

அவர் பதவியை நடத்திய முறையில் பாராட்டவேண்டியதைப் பாராட்டுவோம். திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடும்பத்தோடு அவருக்கு மணவழி உறவு உண்டு. ஆகவே அவர் நடுநிலை வகிப்பாரா என்று ஐயுற்றோர் இருந்தனர். 1964 டிசம்பர் 3 ஆம் நாள் அவ்வம்மையாரின் அரசாங்கம் ஒரே வாக்கினால் தோற்றது. 1965 மார்ச்சுத் தேர்தலில் எக்கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிட்டவில்லை. அப்போது அவர் உறவைப் பார்க்கவில்லை. சபையின் நம்பிக்கை யாருக்கு உண்டோ அவரான டட்லி சேனநாயக்காவையே அரசாங்கம் அமைக்க அழைத்தார். டட்லியும் அவரைப் பதவியிலிருந்து நீக்க முனையவில்லை. 1970 இல் அம்மையார் திரும்பி வந்தபோதும், 1977 இல் ஜே. ஆர். ஜயவர்த்தனா வந்தபோதும் அவரே நாட்டுத் தலைவர். ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகளில் மூன்று பிரதமர்களுக்கு ஈடுகொடுத்தும், கட்சிக்காரர் என்ற பெயர் அவரை ஒட்டவில்லை. இது சிறிய சாதனை அன்று.

இதன் அருமையை உணர மேற்கு ஆபிரிக்காவைச் சற்று நோக்குவோம். நைஜீரியாவின் நம்டி அசிக்கிவே அரும்பெரும் விடுதலை வீரர், பத்திரிகையாளர், கட்சித் தலைவர். 1960 இல் அவர் அந்நாட்டின் மகாதேசாதிபதியானார். 1963 இல் நைஜீரியா குடியரசானதும் அதன் முதல் ஜனாதிபதியானார். கொபல்லாவ அவர்கள் ஏறிய அதே இரு படிகள்! ஆனால் 1964 டிசம்பரில் நடந்த கூட்டாட்சித் தேர்தல் ஊழலும் பகிஷ்காரமும் மலிந்ததாயிற்று. அப்போது, பிரதமர் பலேவாவை மீண்டும் அழைக்க அசிக்கிவே மறுத்துச் சில நாள்கள் நின்றார். நாடு மூச்சடக்கிக் காத்திருந்தது. படை யாருக்குக் கீழ்ப்படியும் என்ற வினா எழுந்தது. பிரதமருக்கே என்று விடை வந்தது. 1965 சனவரி 4 ஆம் நாள் அசிக்கிவே இணங்கினார். ஓராண்டு கழித்து, 1966 சனவரியில் இராணுவப் புரட்சி நிகழ்ந்தது. பலேவா கொல்லப்பட்டார். அசிக்கிவேயின் பதவியும் போயிற்று. 1967 இல் பயாஃப்ரா யுத்தம் மூண்டது. அசிக்கிவே முதலில் பயாஃப்ராவுக்காக அயல்நாடுகளில் தூது பேசினார். பின்னர் 1969 இல் ஒன்றுபட்ட நைஜீரியாவின் பக்கம் திரும்பினார்.

இவ்விருவரின் வாழ்வும் ஒரே உண்மையைச் சொல்லுகின்றன. பெயரளவிலான தலைவர் அடங்கி நடந்தால் ஆட்சி ஒழுங்காக ஓடும்; ஆயினும் அநீதியை அவரால் நிறுத்த இயலாது. அடங்காமல் எதிர்த்து நின்றால், அவர் பக்கம் நியாயம் இருந்தாலும், அவருக்குத் துணைநிற்கச் சட்டமும் இராது, படையும் இராது. நல்லவரா கெட்டவரா என்பதன்று கேள்வி. ஆசனத்தின் அமைப்பே அத்தகையது.

மலைநாட்டுத் தமிழர் வாழ்வில் அவ்வாசனம் யாது செய்தது என்று வரிசையாகப் பார்ப்போம். நம் வாக்கைப் பறித்த 1949 ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தம் வந்தபோது மகாதேசாதிபதியாக இருந்தவர் சோல்பரிப் பிரபு. சிறுபான்மையோருக்குக் காவல் என்று போற்றப்பட்ட 29 ஆம் பிரிவைக் கொண்ட அரசியல் திட்டம் அவர் பெயரையே தாங்கியது! தனிச் சிங்களச் சட்டம் 1956 இல் வந்தபோது அங்கிருந்தவர் சேர் ஒலிவர். 1964 ஒக்டோபர் 30 இல் திருமதி பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தபோது அங்கிருந்தவர் கொபல்லாவ. ஆங்கிலேயர், சிங்களக் கிறிஸ்தவர், சிங்களப் பௌத்தர் என மூவகையினரும் அங்கே இருந்து பார்த்துவிட்டோம். நமக்கு நேர்ந்ததில் வேறுபாடு ஏதும் காணோம்.

அந்த 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களைக் கூறுபோட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்வதற்கு. அந்த எஞ்சிய பங்கும் 1974 இல் பாதிபாதியாக்கப்பட்டது. மாட்டுச் சந்தையில்கூட மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பர். இங்கே மனிதரின் முகத்தையும் பார்த்தவர் இல்லை, விருப்பத்தையும் கேட்டவர் இல்லை. மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்தவனின் பேரப்பிள்ளை, தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினான். அவன் கையில் ஒரு கடவுச்சீட்டு இருந்தது. அவன் அறிந்த ஊர் ஒன்றுகூட அந்தக் கரையில் இல்லை.

1972 இல் வந்த குடியரசு அரசியலமைப்பு நம்மவர்க்கு இழைத்த தீங்கு இன்னும் ஆழமானது. 29 ஆம் பிரிவு அடியோடு நீக்கப்பட்டது. அப்பிரிவு நமக்குப் பெரிதும் உதவிற்று என்று நாம் கூறமாட்டோம். நமது குடியுரிமை வழக்கிலே, 1953 இல், பிரிவிக் கவுன்சில் அதனை நமக்கு ஆதரவாகப் பொருள்கொள்ள மறுத்துவிட்டது. சோல்பரிப் பிரபுவே பிற்காலத்தில், அடிப்படை உரிமைகளை அரசியல் திட்டத்தில் உறுதிபெறச் சேர்த்திருக்கவேண்டும் என்று கருத்துரைத்தார். ஆயினும் ஓட்டை விழுந்த குடையும் குடைதான். அக்குடையையும் பறித்துவிட்டு, வேறு கூரை போடாமல் நம்மை மழையில் விட்டனர். செனற் சபை முந்திய ஆண்டிலேயே ஒழிந்தது. பிரிவிக் கவுன்சிலுக்கு மேன்முறையீடும் முடிந்தது. நிறைவேறிய சட்டத்தைக் கேள்வி கேட்கும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கு மறுக்கப்பட்டது. பௌத்தத்துக்கு முதன்மை இடமும், சிங்களத்துக்கு அரசகரும மொழி நிலையும் அரசியலமைப்பிலேயே பொறிக்கப்பட்டன.

இவ்வரசியலமைப்புக்கு மகாதேசாதிபதியின் அங்கீகாரம் கேட்கப்படவே இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அரசியல் நிர்ணய சபை தானே ஆக்கித் தானே நிறைவேற்றியது. கொபல்லாவ அவர்கள் அதன்கீழ் ஜனாதிபதியாகச் சத்தியம் செய்தார். அவ்வளவே. புதிய ஜனாதிபதியை நியமிக்கும் உரிமை பிரதமருடையது. மகாதேசாதிபதியாக இருந்தபோது சட்டத்துக்கு அங்கீகாரம் அளிக்கும் சடங்காவது அவரிடம் இருந்தது. ஜனாதிபதியான பின் அதுவும் சபாநாயகரின் சான்றுக்குப் போயிற்று. பெயர் உயர்ந்தது, கையிலிருந்தது குறைந்தது.

பின்னர் நடந்தவற்றை மாத்தளையில் வாழ்ந்தோர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை. 1972 ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிக்கு ஐம்பது ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. உழுபவனுக்கு நிலம் என்ற கொள்கைக்கு நாம் எதிரிகள் அல்லோம். ஆனால் பகிர்ந்தளிக்கப்பட்ட நிலத்தில் அதை உழைத்துப் பண்படுத்தியவனுக்குப் பங்கு இல்லை. குடியுரிமை அற்றவனுக்குக் காணி ஏது? கண்டி, மாத்தளைப் பகுதிகளில் தோட்டங்கள் கைமாறியபோது பல குடும்பங்கள் லயங்களிலிருந்து வெளியேற்றப்பட்டன. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பஞ்சம் தாண்டவமாடியது. பசியால் மனிதர் மாண்டனர். 1977 ஆகஸ்டில் இனவெறிக் கும்பல்கள் தோட்டங்களைத் தாக்கியபோது பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடினர். அப்போதும் நாட்டின் முதற் குடிமகன் மாத்தளை மைந்தரே. அவர் உள்ளம் வருந்தியிருக்கலாம். வருந்துவதற்கு அன்றி வேறெதற்கும் அரசியலமைப்பு அவருக்கு அதிகாரம் வழங்கியிருக்கவில்லை.

1978 பெப்ரவரி 4 ஆம் நாள் அவர் ஓய்வு பெற்றார். அதே நாளில், சர்வ அதிகாரமும் கொண்ட ஜனாதிபதியாக ஜே. ஆர். ஜயவர்த்தனா பதவியேற்றார். 1981 சனவரியில் கொபல்லாவ அவர்கள் காலமானார். வெறும் பெயர்ப் பலகையாயிருந்த ஆசனம் ஒரே நாளில் முழு அரசாங்கமாயிற்று. அதனால் நமக்கு விடிந்ததா? 1983 யூலையில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலும் தீக்கிரையாயிற்று. அதிகாரமற்ற ஜனாதிபதியின் கீழும் நாம் அடிபட்டோம். அதிகாரம் மிக்க ஜனாதிபதியின் கீழும் அடிபட்டோம்.

இங்கே எதிர்வாதம் ஒன்று உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. "1988 இலும் 2003 இலும் நிறைவேறிய சட்டங்களால் எஞ்சியோருக்குக் குடியுரிமை கிடைத்தது அல்லவா? அதனைத் தந்தது நிறைவேற்று ஜனாதிபதி முறையின் காலம் அல்லவா? நாடு முழுவதும் ஒரே தொகுதியாக வாக்களிக்கும் முறையில் சிறுபான்மையோரின் வாக்குக்கு விலை உண்டு அல்லவா?" என்று கேட்பர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஜனாதிபதித் தேர்தலில் நம் வாக்கைத் தேடி வேட்பாளர்கள் தோட்டத்துக்கு வருகின்றனர். ஆனால் குடியுரிமையைப் பெற்றுத் தந்தது ஜனாதிபதியின் கருணை அன்று. தொழிற்சங்கமாகத் திரண்டு, வேலை நிறுத்தமும் பிரார்த்தனைப் போராட்டமும் நடத்தி, பேரம் பேசும் வலிமையை நாமே வளர்த்துக்கொண்டதன் விளைவு அது. தேடி வருவோர் தேர்தலுக்குப் பின் திரும்பியும் பாரார் என்பதும் நாம் அறிந்ததே.

ஆதலின், புதிய அரசியலமைப்புப் பற்றிப் பேச வருவோரிடம் மலையக மக்கள் கேட்கவேண்டியது ஜனாதிபதியின் இனமோ மதமோ அன்று. நான்கு காரியங்களைக் கேட்போம்.

முதலாவது, பாராளுமன்றத்தின் பெரும்பான்மையும் தாண்ட முடியாத உரிமை வேலி வேண்டும். சட்டம் நிறைவேறிய பின்னும் அதனை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க உரிமை வேண்டும். 1972 இல் மூடிய அக்கதவை 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பும் திறக்கவில்லை. 1948 இன் சட்டம் போன்ற ஒன்று நாளை வருமாயின், அதைத் தடுக்க வேண்டியது ஒரு முதியவரின் மனச்சாட்சி அன்று, நீதிமன்றத்தின் கட்டளை.

இரண்டாவது, பெயரளவிலான ஜனாதிபதியே வருவாராயின், 1972 இல் போலப் பிரதமர் ஒருவரின் நியமனமாக அவர் இருத்தலாகாது. சகல மக்களின் பிரதிநிதிகளும் பெருவாரியாக இணங்கித் தெரிவு செய்பவராக இருத்தல் வேண்டும். அப்போதுதான் அவர் எச்சரிக்கைக்கு எடை இருக்கும்.

மூன்றாவது, 1971 இல் ஒழித்த இரண்டாம் மன்றத்துக்கு ஈடான ஒன்று வேண்டும். சிதறி வாழும் மலையக மக்களுக்கும் அதில் உறுதியான இடம் வேண்டும்.

நான்காவதே நமக்கு மிக நெருக்கமானது. அது உள்ளூராட்சி. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை பணம் செலவிடுவதற்குக் குறுக்கே நின்றது. வாக்குப் பெற்ற பின்னும், அந்த வாக்கால் தெரிவான சபை லயத்துப் பாதையில் கல் போட முடியாத விந்தை முப்பது ஆண்டுகள் நீடித்தது. 2018 இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது. திருத்தம் ஏட்டில் இருந்தால் போதாது. லயன் அறைக்கு மாற்றாக வீடும், வீட்டுக்குக் காணி உறுதியும், பாதைக்குச் சபையின் பணமும் சட்டத்தால் உறுதிப்படுதல் வேண்டும்.

கொபல்லாவ அவர்களின் வாழ்வு நமக்குத் தரும் படிப்பினையும் இந்த நான்காவதிலேயே அடங்கியிருக்கிறது. அவர் மகாதேசாதிபதியானதால் மாத்தளையின் ஏழைக்கு நேரிற் கிடைத்த நன்மையைத் தேடித்தான் காணவேண்டும். ஆனால் நகரசபை உறுப்பினராக அவர் இருந்தபோது, ஒரு தெருவுக்கு விளக்கு ஏற்றவும் ஒரு குழாயில் நீர் வரச் செய்யவும் அவரிடம் உண்மையான வாக்கு இருந்தது. அரசியின் பிரதிநிதியானபோது இல்லாத அதிகாரம், ஒரு வட்டாரத்தின் பிரதிநிதியாக இருந்தபோது இருந்தது! இதை நம் இளைஞர் எண்ணிப் பார்க்கட்டும். கொழும்பிலும் டில்லியிலும் நமக்காகப் பேசுவோர் யார் என்று ஏங்குவதில் நாம் காலத்தைப் போக்கிவிட்டோம். உக்குவளையிலும் இரத்தோட்டையிலும் எல்கடுவையிலும் பிரதேச சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, "எங்கள் தோட்டத்துப் பாதைக்கு ஒதுக்கிய பணம் எங்கே?" என்று கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்துக் கேட்கும் இளைஞனும் யுவதியும் எத்தனை பேர்?

மாத்தளை, நாட்டுக்கு ஒரு முதற் குடிமகனைத் தந்தது. அவர் கண்ணியமான மனிதர். தம் கடமையின் எல்லையை அறிந்து அதனுள் நின்றவர். அவரை நாமும் மதிக்கிறோம். ஆனால் ஒரு நாட்டின் நீதியை அளக்கும் கோல் முதற் குடிமகனின் கண்ணியம் அன்று. கடைசிக் குடிமகனின் கையில் என்ன உரிமை இருக்கிறது என்பதே அக்கோல். புதிய அரசியலமைப்பின் முதற் பக்கத்தில் ஜனாதிபதியைப் பற்றி எதையேனும் எழுதிக்கொள்ளட்டும். மலையகத்தின் கடைக்கோடி லயத்தில் வாழ்பவனைப் பற்றி அது என்ன எழுதுகிறது என்று பார்த்தே நாம் நமது தீர்ப்பை வழங்குவோம்.